கோடிச் சேலையின் மறுமுனை

அப்பா வந்து சேர்வதற்கு முன்பே மாமாவின் ஃபிளெக்ஸ் வந்து சேர்ந்துவிட்டது.

சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் முக்கில், புளியமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். சரிதா ஸ்கூட்டரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். கதவு அளவுக்கு மாமா தண்டாயுதபாணி, வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். அவர் தலைக்கு மேலே ஒரு போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. கீழ் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள், ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு அப்பா. 'எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தித் தாயகம் காத்த எங்கள் குடும்பத்து மாவீரன் கந்தப்பன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அப்பா யாரையும் சுட்டதில்லை. சரக்கு விமானத்தில் ஒயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற வேலை அவருக்கு. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில், பனிமலை உச்சியில் காவல் நின்ற சிப்பாய்களுக்குக் கம்பளியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம், போனது போனதுதான். குளிரில் விறைத்துக் கிடந்தவர்களுக்குக் கம்பளி கொண்டுபோனவர் என்று எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? உள்ளதைச் சொன்னால் மரியாதை பத்தாது என்று மாமாவே முடிவு செய்துகொண்டார் போலிருக்கிறது. இல்லாத சண்டையை அவரே போட்டு முடித்து, இல்லாத விமானங்களை அவரே வீழ்த்திவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'எங்கள் குடும்பத்து' என்ற சொல்லைத்தான் சரிதாவால் தாங்க முடியவில்லை.

"இப்பத்தான் உங்க குடும்பம்னு தெரிஞ்சுதாக்கும்?" என்று ஃபிளெக்ஸைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர், தன்னைத்தான் கேட்கிறாளோ என்று அரிவாளோடு திரும்பிப் பார்த்தார்.

சரிதா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறவள். வெல்டிங் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை தடித்துப் போனவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்பாவை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் காணாமல் போனபோது அவள் அம்மா பாவாயியின் வயிற்றில் இருந்தாள்.

'காணவில்லை' என்று தந்தி வந்ததாம். இறந்தார் என்று இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. ஊருக்கு அது போதவில்லை. மிச்சத்தை அதுவே எழுதிக்கொண்டது. வடக்கே லோடு ஏற்றிப் போய்வந்த ஒரு லாரி டிரைவர், பஞ்சாப் பக்கம் ஒரு தாபாவில் தாடி வைத்துக்கொண்டு ரொட்டி சுடுகிற ஆளைப் பார்த்ததாகவும், "நம்ம கந்தப்பன் ஜாடை அப்பிடியே இருந்துச்சு, பக்கத்துல ஒரு செவத்த பொம்பள வேற" என்றும் டீக்கடையில் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். அடுத்தடுத்து வடக்கே போன ஒவ்வொரு லாரியும் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு தடவை ரொட்டி சுட்டார், ஒரு தடவை டயருக்குப் பஞ்சர் ஒட்டினார், ஒரு தடவை மூன்று பிள்ளைகளோடு சந்தைக்குப் போனார். பனிக்குள் விறைத்துக் கிடந்த மனிதரை இந்த ஊர் வடநாடு முழுக்க நடமாடவிட்டது.

சரி, உயிரோடுதான் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அம்மா சுமங்கலிதானே? அங்கேதான் ஊரின் சாமர்த்தியம். ஏச வேண்டும் என்றால் அப்பா உயிரோடு இருந்தார். சபையில் ஒதுக்க வேண்டும் என்றால் செத்துப்போனார். டீக்கடையில் அம்மா ஓடிப்போனவனின் பெண்டாட்டி. கல்யாண வீட்டில் தாலி அறுத்தவளைப் போல. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும், அதைப் போர்த்தித் தாலியை வாங்குவார்கள், அதற்குப் பிறகுதான் ஒரு பெண் மங்கல காரியத்துக்கு ஆகாதவள் என்பது வழக்கம். என் அம்மாவுக்கு மட்டும் கோடியும் வரவில்லை, தாலியும் இறங்கவில்லை, தண்டனை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது என்று சரிதா பட்டறையில் யாரிடமாவது சொல்லிப் பொருமாத வருஷம் கிடையாது.

மாமாவின் கல்யாணத்தில் நடந்ததை அவள் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் என்று ஒன்று உண்டு. அக்காளோ தங்கையோ கல்யாணப் பெண்ணைப் போலவே சிங்காரித்துக்கொண்டு மணவறைக்கு வந்து, சேலையின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை மாப்பிள்ளை கையில் தருவாள். நீ யாரைக் கட்டினாலும் நானும் இந்த வீட்டுக்கு உரியவள் என்று சபை பார்க்க நிற்கிற நிற்பு அது. தண்டாயுதபாணிக்கு இருந்தது ஒரே அக்கா. அம்மா கூந்தலில் பூ வைத்து, புதுச்சேலை கட்டி, பூரித்துப் போய் நின்றாள். மணவறைக்குக் கூப்பிடுகிற நேரத்தில் யாரோ ஒருத்தி வந்து அம்மா காதில் ஏதோ சொன்னாள். அம்மா பூவை எடுத்துவிட்டு, சரிதாவைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். பெரியப்பா மகள் ஒருத்தி வந்து சேலையைப் பிடித்தாள். மாமாவும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, இனிமேல் இறந்தவராகவே கருதப்படுவார் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. உடனே சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கூடி, மாவில் உருவம் பிடித்துக் கருமாதி செய்துவிடலாம், தாலியையும் வாங்கிவிடலாம் என்று வந்து நின்றது. அம்மா ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினாள்.

"ஒடம்பக் கொண்டாந்து காட்டுங்க. அறுத்துக்கறேன்."

அந்த வார்த்தைதான் இப்போது அவள் கழுத்துக்கே வந்து நின்றது.

கோடையில் பனிமலை ஏறிய ராணுவத்தார் விமானத்தின் துண்டுகளையும் சில எலும்புகளையும் கண்டெடுத்தார்கள். சரிதாவின் ரத்தத்தை வாங்கிப் போனார்கள். புரட்டாசியில் போன் வந்தது: ரத்தம் பொருந்திவிட்டது, உங்கள் தந்தைதான். பட்டறையில் ஒரு கேபினுக்கு அடியில் குனிந்து நின்றபடி அவள் அதைக் கேட்டாள். நிமிர்ந்தபோது தலை இடித்துக்கொண்டது. அந்தச் சாக்கில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அப்பா வரும் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், ஃபிளெக்ஸைப் பார்த்த சூட்டோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமாவும் அத்தை பெருமாயியும் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா சாமி" என்றார் மாமா. போர்வெல் ரிக் வண்டிகள் நாலைந்து வைத்திருப்பவர், முன்னாள் ஒன்றியத் தலைவர், எந்த வீட்டுக்குள்ளும் தன் வீடு மாதிரியே வரவேற்பவர். "நாளைக்குப் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க. டிவில நேரடியாப் போடறாங்களாம். பெட்டி எறங்குன ஒடனே மரியாதை. அது முடிஞ்சதீம் அக்காவுக்குக் கோடியப் போட்டுச் சீர முடிச்சரலாம்."

"என்ன சீருங்க மாமா?"

"என்ன சாமி, தெரியாதவளாட்டக் கேக்கற? தாலி வாங்கற சீருதான்."

"டிவிக்கு முன்னாலயா?"

"ஊருக்கு முன்னால செய்யறதுதானுங்க அம்மிணி மொறை" என்றாள் பெருமாயி. "மறைவாச் செஞ்சா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"நாலு பேரு பேசறதுக்கு இன்னும் என்னங்க அத்தை மிச்சம் வெச்சிருக்கறாங்க?" சரிதாவின் குரல் பட்டறைக் குரலாகிவிட்டது. "அறுக்கறதுக்கு மட்டும் தாலி கண்ணுக்குத் தெரியுது. உங்க கண்ணாலத்துல எங்கம்மா கழுத்துல இருந்தது தாலியாத் தெரியலீங்களா?"

பெருமாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மாமா சிரிக்கப் பார்த்தார்.

"அது அந்தக் காலம் சாமி. பெரியவங்க சொன்னாங்க, நாங்க என்ன பண்றது? இப்பவும் நா ஒண்ணும் புதுசாச் சொல்லல. அக்கா வாயால வந்த வார்த்தைதான். ஒடம்பக் காட்டுங்க, அறுத்துக்கறேன்னாங்க. ஒடம்பு வந்துருச்சு. என்னக்கா, நா சொல்றது சரிதான?"

சரிதா அம்மாவைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லம்மா, ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லம்மா என்று மனசுக்குள் கத்தினாள்.

"சொன்னேன்" என்றாள் அம்மா, நார் எடுப்பதை நிறுத்தாமல். பிறகு, "கோடிச் சேலை நல்ல சேலையா எடுத்திருக்கறயா?" என்று கேட்டாள்.

"பட்டுக்கா. கோயமுத்தூருல எடுத்தது."

"சரி, கொண்டா."

அவர்கள் போன பிறகு சரிதா வெடித்தாள். "உங்களுக்கு ரோசமே இல்லீங்களாம்மா? ஊரு சொன்னப்பல்லாம் ஒதுங்குனீங்க, இப்பக் கழுத்த நீட்டச் சொன்னா அதையும் நீட்டுவீங்களா?"

"வாக்குக் குடுத்தவ நானு" என்றாள் அம்மா. "உனக்கு என்ன வந்துச்சு? போயிச் சாப்புடு."

சரிதா சாப்பிடவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் பெண்கள் எல்லாரும் மோகனூர்க் காவேரிக்குப் போய், படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அம்மாவும் ஒரு வருஷம் போனாள். அவள் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் காவேரிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, தானே கயிறு மாற்றித் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வாள். பிறகு அதை ரவிக்கைக்குள் விட்டு மறைத்துக்கொள்வாள். திருடிய பொருளை மறைப்பது போல மறைக்க வேண்டியிருந்தது, அப்பா கட்டின தாலியை! யார் கண்ணிலும் படாமல் இத்தனை வருஷம் காப்பாற்றியதை, நாளைக்கு ஊரைக் கூட்டி அறுக்கப் போகிறார்களாம்.

மறுநாள் காலையில் கூட்டம் தோட்டம் கொள்ளவில்லை. சோளத்தட்டுப் போரின் மேலெல்லாம் ஏறி நின்றார்கள். விமானப்படை வண்டியிலிருந்து, கொடி போர்த்திய பெட்டியை வீரர்கள் இறக்கினார்கள். பெட்டி பெரிதாக இருந்தது. தூக்கியவர்களின் தோளில் பாரம் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து பார்க்கக் கிடைத்த அப்பா, இவ்வளவு லேசாகவா வருவார்?

துப்பாக்கிகள் வானத்தை நோக்கி வெடித்தன. கொடியை மடித்து எடுத்துக்கொண்டு ஓர் இளம் அதிகாரி நடந்து வந்தார். மாமா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அதிகாரி அவரைச் சுற்றிக்கொண்டு போய், அம்மாவின் முன்னால் நின்று, மலையாள வாடையடிக்கும் தமிழில், "அம்மா, இது நிங்களுக்கு" என்று கொடியைக் கொடுத்து சல்யூட் அடித்தார். மாமாவின் கைகள் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றன. பிறகு கும்பிடாக மாறின.

அதோடு பெருமாயி தட்டோடு வந்துவிட்டாள். தட்டில் மடித்த பட்டுச் சேலை. கூடவே நாலைந்து பெண்கள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். சரிதா ஓடிப்போய் அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"நவுரு சாமி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மாமா பல்லைக் கடித்தபடி.

"பாக்கட்டுமுங்க. நல்லாப் பாக்கட்டும்."

"சரிதா" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "இந்தக் கொடியப் புடி. அக்கட்டால நவுரு."

அந்தக் குரலை சரிதா அதற்கு முன்பு கேட்டதில்லை. கொடியை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே விட்டாள். மஞ்சள் கயிறு பளிச்சென்று இருந்தது, இந்த ஆடியில் மாற்றியது. ஊர்ப் பெண்கள் பலர் அதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"தண்டபாணி, இது செல்லுமா?"

"என்னக்கா கேள்வி இது, இத்தன பேருக்கு முன்னால..."

"செல்லுமா, செல்லாதா? சொல்லு."

"செல்லும்க்கா. செல்லப்போயித்தான கோடி கொண்டாந்திருக்கறோம்."

"பெருமாயி, நீ சொல்லு. இன்னைக்கு வரைக்கும் நா சுமங்கலிதான?"

பெருமாயி மைக்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

அம்மா தட்டிலிருந்த பட்டை எடுத்து உதறினாள். ஒரு முனையைத் தன் கையில் பிடித்தாள். மறுமுனையை மாமாவிடம் நீட்டினாள்.

"புடி."

"எதுக்குங்க்கா?"

"இணைச்சீருக்கு. உன்ற கண்ணாலத்தப்ப இதே தாலியோடதான் நின்னேன். அது செல்லும்னு இப்ப நீயே சொல்லீட்ட, உன்ற பொண்டாட்டியும் சொல்லீட்டா. அப்ப எனக்குச் சேர வேண்டிய சீரு இன்னும் நின்னுக்கிட்டே இருக்குது. மொதல்ல அதச் செஞ்சு முடி. அப்பறம் உன்ற கோடியப் போடு."

கூட்டம் கலகலத்தது. எழவு வீட்டில் கல்யாணச் சீரா என்று ஒரு கிழவி வாய்விட்டே கேட்டாள். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"தையில பேத்தி மதுமதிக்குக் கண்ணாலம் வெச்சிருக்கறேன்க்கா. எழவுச் சேலையப் புடிச்சு இந்தச் சீரச் செஞ்சா அந்தப் புள்ளைக்கு ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

"அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னா உனக்கு நெஞ்சு பதறுது. எனக்கு ஆகாமப் போனப்ப நீ போட்டோவுக்குச் சிரிச்ச."

மாமாவின் கை பாதி தூரம் வந்தது. விரல்கள் சேலையைத் தொட்டன என்றுகூடச் சொல்லலாம். பிறகு கை இறங்கிவிட்டது. சேலையின் மறுமுனை புழுதியில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. அம்மாவே இழுத்துச் சுருட்டி, தூசியைத் தட்டி மடித்து, பெருமாயியின் தட்டில் வைத்தாள்.

"சீருக்குப் புடிக்காத சேலை எனக்குக் கோடிக்கும் வேண்டாம். கொண்டு போங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், கத்தாமல், அக்கம்பக்கத்தாரிடம் பேசுகிற குரலில்: "அவரு பஞ்சாப்புல ரொட்டி சுடலைன்னு இன்னைக்குத்தான ஊருக்குத் தெரிஞ்சுது. அவரு என்னைய உட்டுப்போட்டுப் போகலைன்னு இன்னைக்குத்தான ஆச்சு. இன்னைக்குத்தான நா அவரு பொண்டாட்டின்னு சபையில ஒத்துக்கிட்டீங்க. ஒத்துக்கிட்ட அன்னைக்கே அறுக்கச் சொன்னா எப்பிடிங்க?"

டிவிக்காரப் பையன் மைக்கைத் தாழ்த்திவிட்டான். வழக்கமாகப் பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை. அம்மா பெட்டிக்குப் பின்னால் நடந்தாள், சரிதாவும் நடந்தாள், யாரும் தடுக்கவில்லை. தோட்டத்துக் கிணற்றுக்கு மேற்கே தோண்டியிருந்த குழியில் அப்பாவை இறக்கினார்கள். முதல் கைப்பிடி மண்ணை அம்மா போட்டாள்.

சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அம்மா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சரிதா காபி கொண்டுவந்து கொடுத்தாள். மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மா, ஒடம்பக் காட்டுனா அறுத்துக்கறேன்னு சொன்னீங்களே. அது என்னாவறது?"

"அறுத்துக்கறேன். வாக்குத் தப்பமாட்டேன்" என்றாள் அம்மா. காபியை ஊதிக் குடித்தாள். "வர்ற ஆடிப் பதினெட்டுக்குப் பட்டறைக்கு லீவு உட்டுரு. நாம மோகனூர் போகோணும். படித்துறையில எல்லாத்துக்கும் நடுவால உக்காந்து ஒருக்காக் கயிறு மாத்தோணும். எந்திரிச்சுப் போறவ போகட்டும், பாக்கறேன். மாத்தீட்டு வந்து நானே கழட்டி, உங்கப்பாகிட்டக் குடுத்தர்றேன்."

"சரிங்கம்மா" என்றாள் சரிதா.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் தாலியை எடுத்து ரவிக்கைக்குள் விடப் போனாள். கை பாதியில் நின்றது. பிறகு அதை வெளியிலேயே விட்டுக்கொண்டு, வாசல் விளக்கைப் போட எழுந்து போனாள்.